முப்பத்தொன்றாம் எண் சீட்டு

பல் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஈறு நோய்ப் பிரிவின் ஆய்வறையில் வேலை பார்த்தவளை எல்லோரும் சீட்டக்கா என்றே கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. அதை அங்கே உச்சரித்தவர்கள் மிகக் குறைவு. நோயாளி வாயைத் திறக்க, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் ஒரு மெல்லிய காகிதச் சீட்டைச் செருகி, முப்பது வினாடி எண்ணி, வெளியே எடுப்பது அவள் வேலை. ஆறு வருடமாக அதையே செய்ததில் பெயரும் அதுவாகிவிட்டது.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். பள்ளத்தில் ஊறும் நீர் ஒரு கொசுவின் தாகத்துக்குக் காணாது. அந்தக் கொஞ்சத்தை எச்சில் படாமல், ரத்தம் கலக்காமல் எடுத்தாக வேண்டும். ஒரு துளி சிவப்பு பட்டால் சீட்டு குப்பைக்கு. நல்ல சீட்டு ஒரு குட்டிக் குழாய்க்குள் போய், குழாய் ஐஸ் பெட்டிக்குள் போய், பெட்டி உறைகலனுக்குள் போகும். மாதங்கள் கழித்து எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே எடுத்துச் சோதிப்பார்கள்.

ஆய்வு பெரிய மேடத்துடையது. பெரிய மேடம் என்பது ஈறு நோய்ப் பிரிவின் பேராசிரியை. சர்க்கரை இருப்பவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், கெட்ட ஈறு சர்க்கரையை இறங்கவிடாது, இரண்டும் கூட்டுச் சேர்ந்து ஆளைக் கவிழ்க்கும் என்பது அவருக்கு இருபது வருடமாகத் தெரிந்த சங்கதி. பல் ஆட ஆரம்பித்த பிறகு படம் எடுத்து, எலும்பு கரைந்துவிட்டது என்று சொல்வதில் யாருக்கு என்ன லாபம் என்பது அவர் கேள்வி. ஈறு அழற்சியில் சதையை அரிக்கிற நொதி ஒன்று ஊறும். வெளியே எதுவும் தெரியாத நாளிலேயே அது சீட்டில் ஏறிவிடுமா, சர்க்கரைக்காரர்களிடம் அதை நம்பி நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்ப்பதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும். சர்க்கரையும் ஈறு நோயும் உள்ளவர்கள் நாற்பது பேர், சர்க்கரை இருந்தும் ஈறு நன்றாக உள்ளவர்கள் நாற்பது பேர், இரண்டும் இல்லாதவர்கள் நாற்பது பேர். மொத்தம் நூற்றிருபது வாய்.

அந்த நூற்றிருபது வாயும் சீட்டக்காவின் பொறுமையைத் தின்றது போதாதென்று, சீட்டு எடுக்க முடியாமல் திரும்பிப் போனவை வேறு ஒரு அறுபது இருக்கும்.

முந்தின நாளே தொலைபேசியில் மூன்று விஷயம் சொல்வாள். காலையில் சாப்பிடக் கூடாது. பல் தேய்க்கக் கூடாது. வாய் கொப்பளிக்கும் மருந்து எதுவும் கூடாது. "சரிம்மா, சரிம்மா" என்பார்கள். மறுநாள் வந்து உட்கார்ந்தால் வாயில் புதினா மணக்கும்.

"தேய்ச்சீங்களா?"

"டாக்டர் முன்னாடி வாயைத் திறக்கணுமே, தேய்க்காம எப்படிம்மா வர்றது. நல்லா அழுத்தித் தேய்ச்சிட்டுத்தான் வந்தேன்."

அழுத்தித் தேய்த்த ஈறில் சீட்டை வைத்தால் ரத்தச் சிவப்பாகத்தான் வரும். அவரை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினால், அடுத்த வாரம் தேய்க்காமல் வருவார், ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருவார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், சீட்டு வாயில் இருக்கும்போதே அதன் நீளம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டார். கேட்டதில் சீட்டு நழுவித் தொண்டைக்குள் போய்விட்டது. அதற்கும் அவர் அவளைத்தான் முறைத்தார். இன்னொரு அம்மாள் முப்பது வினாடி முடிவதற்குள், தன் மருமகள் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிட வேண்டுமென்று தவித்து, மூக்கால் ஒலியெழுப்பியே பாதிக் கதையைச் சொல்லிவிட்டாள்.

"எனக்குன்னு வந்து வாய்க்கிறாங்க பாருங்க" என்று சீட்டக்கா சின்ன டாக்டரிடம் புலம்புவாள். சின்ன டாக்டர் மேல்படிப்புக்கு வந்தவன். ஈறின் ஆழத்தை அளந்து குறிப்பதும், கடைசியில் கணக்குப் போடுவதும் அவன் பொறுப்பு. புலம்பலைக் கேட்டால் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ம்" என்பான். அந்த "ம்" அவளுக்கு நோயாளிகளைவிட எரிச்சலாக இருக்கும்.

இத்தனையும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு வாய் காத்திருக்கும்.

அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கைநடுங்கிகளையும், பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களையும் பக்கத்தில் உட்கார்ந்து கரையேற்றிவிட்டவர். குரலை உயர்த்த மாட்டார் என்று ஊரே சொல்லும். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை ஒழுங்காக விழுங்குவார். அதோடு கடமை முடிந்தது. கற்க வருகிறவர்களின் பதற்றத்தைத் தணிக்க என்று காரில் ஒரு டப்பா நிறைய மிட்டாய் வைத்திருந்தார். துணி துவைக்கும்போது மிட்டாய்க் காகிதம் என்னவோ அவருடைய சட்டைப் பைகளிலிருந்துதான் வரும். அவருடைய டூத் பிரஷ்ஷில் தினமும் இளஞ்சிவப்பாகக் கறை இருக்கும்.

"ஒரு தடவை வந்து காட்டுங்களேன். நான் வேலை பாக்குற இடம்தானே. வரிசையில கூட நிக்க வேண்டாம்."

"பல்லுக்கும் சுகருக்கும் என்னம்மா சம்பந்தம்? அது இருக்கறது ரத்தத்துல."

"பல்லுல ரத்தம் வருதே, அது எங்கேருந்து வருது? பக்கத்து வீட்டுலேருந்தா?"

அவர் சிரித்துக்கொண்டே நாளிதழைப் பிரிப்பார். சண்டைக்கு வராத ஆளோடு எத்தனை நாள்தான் தனியாகச் சண்டை போடுவது. கால் பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும், இரவு சோற்றைக் குறைக்க வேண்டும், சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடக்க வேண்டும் என்று பாட்டாகப் படித்துப் படித்து அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆய்வின் இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. சர்க்கரைக்காரர்கள் எண்பது பேரும் சேர்ந்துவிட்டார்கள். சர்க்கரையும் இல்லாமல் ஈறு நோயும் இல்லாமல் நாற்பது பேரைப் பிடிப்பதுதான் குதிரைக்கொம்பாக இருந்தது. நல்ல பல்லோடு இருப்பவன் பல் மருத்துவமனைக்கு எதற்கு வருகிறான். பெரிய மேடம் ஊழியர்களிடம் கேட்கச் சொன்னார். நூலக எழுத்தர் வந்தார், லிஃப்ட் இயக்குபவர் வந்தார், துணி வெளுக்கும் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். முப்பத்தொன்பதோடு நின்றுவிட்டது.

பெரிய மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்குச் சுகர் இல்லையே?"

"எனக்கா மேடம்?" என்றாள் சீட்டக்கா. திருடினாயா என்று கேட்டதுபோல் இருந்தது அவளுக்கு. "எங்க வீட்டுல அவருக்குத்தான்."

மறுநாள் வெறும் வயிற்றோடு வந்தாள். விரலில் குத்திப் பார்த்ததில் நூற்றுப் பதினேழு. நூற்றிருபத்தாறுக்குக் கீழே இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும்தான் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார்கள். நூற்றுப் பதினேழு கொஞ்சம் அதிகம்தான் என்று அவளுக்கே தெரியும். காலையில் மிட்டாய்க் காகிதத்துக்காக அவரோடு மல்லுக்கட்டியதில் ஏறியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தன் வாயில் தானே சீட்டு வைத்துக்கொள்ள முடியாதே. சின்ன டாக்டர்தான் ஈறை அளந்தான், அவன்தான் சீட்டும் எடுத்தான். நாற்காலியில் படுத்தபடியே அவள் அவனை விரட்டினாள்.

"இன்னும் எவ்ளோ நேரம் அளப்பீங்க? பெட்டியில ஐஸ் உருகுது. பஞ்சை இன்னும் உள்ள தள்ளுங்க. எச்சில் படப் போகுது."

"வாயை மூடாம இருங்க அக்கா" என்றான் அவன். அன்றைக்கு அவன் அவளிடம் பேசிய ஒரே முழு வாக்கியம் அதுதான்.

குழாய்களின்மேல் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எண்களைக் கலைத்துப் போட்டு ஒட்டியது அலுவலகத்தில். யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் உறையிலிட்டுப் பெரிய மேடத்தின் அலமாரியில் இருந்தது. சோதனை செய்கிறவர்கள் முகதாட்சண்யம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஐந்தாறு மாதம் ஓடியதில், தானும் அந்த நூற்றிருபதில் ஒருத்தி என்பதே அவளுக்கு மறந்துபோனது. அவ்வளவு வேலை.

சோதனை நாளில் உறைகலனிலிருந்து குழாய்கள் வந்தன. சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டில் ஒவ்வொன்றையும் விட்டு, மருந்து சேர்த்துக் காத்திருந்தால் நிறம் ஏறும். நொதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு மஞ்சள். தட்டை இயந்திரம் படித்து எண்ணாக்கித் தரும். எந்த எண் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்ற விவரத்தை மட்டும், பெயர் இல்லாமல், பெரிய மேடம் எடுத்துக் கொடுத்தார். சின்ன டாக்டர் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டான். எல்லாம் எதிர்பார்த்தபடியே வந்தது. ஈறு கெட்டவர்களிடம் நொதி எகிறியிருந்தது, நல்ல ஈறுகளில் அடங்கியிருந்தது. ஒரே ஒரு எண்ணைத் தவிர. எந்த நோயும் இல்லாத கூட்டத்தில் இருந்த முப்பத்தொன்றாம் எண், எல்லாம் உள்ள கூட்டத்தின் நடுவில் போய் நின்றது.

"இதைத் தூக்கிடலாம்" என்றான் சின்ன டாக்டர்.

"எதுக்குத் தூக்கணும்?"

"சீட்டு எடுக்கறதுல ஏதோ தப்பு நடந்திருக்கும் அக்கா. ரத்தம் பட்டிருக்கும், கவனிச்சிருக்க மாட்டீங்க."

சீட்டக்காவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஆறு வருடத்தில் அவள் எறிந்த சீட்டுகளை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். கண்ணுக்குத் தெரியாத சிவப்பைக்கூடக் கண்டுபிடித்து எறிந்தவள். நோயாளிகளிடம் பட்டதெல்லாம் போதாதென்று இப்போது இவன் வேறு.

"என் கை தப்பாது தம்பி. ரத்தம் பட்ட சீட்டு ஒண்ணுகூட அந்தப் பெட்டிக்குள்ள போகல. தட்டுல நீங்க மருந்து ஊத்தினதுல தப்பு வந்திருக்கும்."

"நான் ரெண்டு குழியில விட்டேன். ரெண்டுலயும் அதேதான் வருது."

"அப்போ சீட்டு சொல்றதுதான் உண்மை. அந்த ஆளுக்கு ஈறுல ஏதோ இருக்கு. கூப்பிட்டுப் பாக்கறதை விட்டுட்டுத் தூக்கிடலாம்கறீங்க."

"நான்தானே அளந்தேன். எல்லாம் மூணு மில்லிமீட்டருக்குள்ளதான். ஈறு நல்லாத்தான் இருந்திருக்கு."

"அப்போ நீங்க அளந்ததுல தப்பு."

இரண்டு வாரம் இதே பேச்சு. அவன் கணக்கிலிருந்து முப்பத்தொன்றை எடுப்பான். அவள் பெரிய மேடத்திடம் போய் நிற்பாள். பெரிய மேடம் திரும்பச் சேர்க்கச் சொல்வார். சேர்த்தால் கணக்கு கோணிக்கொள்ளும், அவன் முகம் அதைவிடக் கோணிக்கொள்ளும். கடைசியில் பெரிய மேடத்துக்கே அலுத்துவிட்டது. இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, அலமாரியைத் திறந்து உறையைக் கிழித்தார்.

"இந்த ஆளை வரச் சொல்லி இன்னொரு தடவை பார்த்துடலாம். உங்க பஞ்சாயத்தும் முடியும், என் தலைவலியும் முடியும்" என்றபடி பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் நின்றது. மூக்குக் கண்ணாடியை இறக்கி, மறுபடி பார்த்தார். பிறகு தாளைச் சீட்டக்கா பக்கம் திருப்பி வைத்தார்.

சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த பெயர், இங்கேயும் இருந்தது.

முதலில் வாயைத் திறந்தவன் சின்ன டாக்டர்தான். எட்டிப் பார்த்தவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அப்போ அந்தச் சீட்டு நான் எடுத்தது" என்றான். உடனே நிமிர்ந்துகொண்டான். "நான் ரொம்பச் சரியாத்தான் எடுத்தேன் மேடம். ரத்தமெல்லாம் எதுவும் படல. எனக்கு நல்லா ஞாபகமிருக்கு."

"எனக்கும்தான் ஞாபகமிருக்கு" என்றாள் சீட்டக்கா. "பஞ்சை ஒழுங்காவே வைக்கல. எச்சில் பட்டிருக்கும். அதை எடுத்துடுங்க மேடம், அது தப்பான சீட்டு."

"நேத்துவரைக்கும் சீட்டு பொய் சொல்லாதுன்னு சொன்னது யாரு?" என்றான் சின்ன டாக்டர்.

"நான் எடுத்தா பொய் சொல்லாது."

பெரிய மேடம் மேசையில் பேனாவைத் தட்டினார். "ரெண்டு பேரும் நிறுத்தறீங்களா. எல்.கே.ஜி. பிள்ளைங்க மாதிரி. போய் நாற்காலியில உக்காருங்க."

பெரிய மேடமே அளந்தார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடம். அவர் சொல்லச் சொல்லச் சின்ன டாக்டர் எழுதினான். மூன்று, இரண்டு, மூன்று, மூன்று என்று போய்க்கொண்டிருந்த குரல் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் வந்ததும் நின்றது.

"அஞ்சு."

மறுபக்கத்திலும் அதே இடத்தில் ஐந்து. அதற்கு முந்தைய பல்லில் நான்கு.

மல்லாந்து கிடந்தபடி சீட்டக்கா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஐஸ் உருகுகிறது என்று இவனை விரட்டாமல் இருந்திருந்தால் கடைவாய் வரை அளவுக் கம்பியைச் சரியாக இறக்கியிருப்பான் என்று தோன்றியது. அதை அவனிடம் சொல்ல மனம் வரவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு எழுதிய விதத்தைப் பார்த்தால், அவனாகவே நொந்துகொண்டிருந்தான் போலிருந்தது. புதிதாக ஒரு சீட்டும் எடுத்தார்கள். சுத்தமான சீட்டு, ஒரு பொட்டு ரத்தமில்லை. அதிலும் நொதி அப்படியேதான் இருந்தது.

"மூணு மாசச் சுகரும் பார்த்துடுங்க" என்றார் பெரிய மேடம்.

"எதுக்கு மேடம்? ஈறுல இருக்கறது சும்மாவும் வரலாமே. சுகர் இல்லாதவங்களுக்கும் வருதே."

"வரலாம். பார்த்தா தெரிஞ்சிடும்."

ஏழு புள்ளி ஆறு வந்தது. ஆறரையைத் தாண்டினாலே சர்க்கரை நோய்தான் என்பது அந்த அறையில் எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். மதியத்துக்குள் இரண்டு பாட்டில் தண்ணீர் காலியாவதற்கு ஏ.சி. காற்றைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டதும் கண்ணைச் சொருகுவதற்கு வயதைக் காரணம் சொன்னாள். கழிவறைக்கு அடிக்கடி போவதற்கு இரண்டு பாட்டில் தண்ணீரைக் காரணம் சொன்னாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருந்தாள்.

அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முதலில் சின்ன டாக்டர்மேல், பிறகு ஏழு புள்ளி ஆறின்மேல், கடைசியில், இனிமேல் வீட்டுக்குப் போய் அந்த மனிதரிடம் சொல்ல வேண்டுமே என்பதன்மேல்.

அவர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்துத் தயாராகப் போனாள். திருப்பிக் கொடுக்க நாலைந்து வார்த்தைகள்கூட எடுத்து வைத்திருந்தாள். அவர் கேலியே செய்யவில்லை. நாளிதழை மடித்து வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஓட்டக் கற்க வந்த முதல் நாள் ஆளிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"பயப்படாத. இது ஒண்ணும் பெரிய விஷயமே இல்ல. முதல்ல ராத்திரி சோத்தைக் குறைக்கணும். சாப்பிட்டதும் உக்காராத, பத்து நிமிஷம் நட. பாதத்தைத் தினமும் பாத்துக்கணும், விரலிடுக்குல ஈரம் நிக்கக் கூடாது."

அவள் அவரையே பார்த்தாள். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் நீ சொன்னதுதான். ஒன்பது வருஷமா கேக்கறேனே, மனப்பாடம் ஆகாதா."

"மனப்பாடம் பண்ணீங்களே, ஒண்ணையாவது செஞ்சீங்களா?"

"என்னைப் பத்தி அப்புறம் பேசலாம். இப்போ உன்னைப் பாப்போம்."

அதற்குப் பிறகு அவர் தொல்லை தாங்க முடியவில்லை. அவள் தட்டில் சோறு விழும்போதெல்லாம் கரண்டியைத் தடுத்தார். சாப்பிட்டு எழுந்தால் செருப்பை எடுத்து வைத்து வாசலைக் காட்டினார். வேலை நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டு, மாத்திரை போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றால் நம்பாமல், பட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணச் சொன்னார். அக்கறையாகத்தான் செய்கிறார் என்று தெரிந்தும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வருடம் இந்த மனிதர் எப்படிச் சிரித்துக்கொண்டே நாளிதழ் படித்தார் என்று முதல் தடவையாக ஆச்சரியப்பட்டாள்.

மருத்துவமனையில் அவளுக்கு இன்னொரு வேலை வந்து விழுந்தது. முப்பத்தொன்றாம் எண்ணுக்கு நடந்தது மற்றவர்களுக்கும் நடந்திருக்கலாம் என்று, நோயில்லாத கூட்டத்தின் மீதி முப்பத்தொன்பது பேருக்கும் மூன்று மாதச் சர்க்கரை பார்க்கச் சொன்னார் பெரிய மேடம். கூப்பிட வேண்டியது சீட்டக்கா.

"நான்தான் நல்லா இருக்கேன்னு நீங்களே எழுதிக் கொடுத்தீங்களே, மறுபடி எதுக்கு?" என்று முப்பத்தொன்பது பேரும் வார்த்தை மாறாமல் கேட்டார்கள். முதல் பத்துப் பேருக்கு விளக்கம் சொன்னாள். அதற்குப் பிறகு, "எனக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தாங்க. இப்போ மாத்திரை சாப்பிடறேன். வர்றீங்களா, இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அது வேலை செய்தது. மூன்றே வாரத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

இரண்டு பேருக்கு எல்லை தாண்டியிருந்தது. ஒருவர் நூலக எழுத்தர். அவர் நன்றி சொல்லிவிட்டு, சர்க்கரை பற்றி நூலகத்தில் இருந்த புத்தகங்களையெல்லாம் தன் பெயரிலேயே எடுத்துக்கொண்டு போனார். இன்னொருவர் லிஃப்ட் இயக்குபவர். முடிவைக் கேட்டதும் அவர் முகம் இறுகிவிட்டது. மறுநாளிலிருந்து அவளோடு பேச்சில்லை. மற்றவர்களிடம் "எந்த மாடி?" என்று கேட்பவர், அவள் ஏறினால் சுவரைப் பார்த்துக்கொண்டு பொத்தானை அழுத்துவார். ஒருநாள் மூன்றாம் மாடிக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார். மறதியா, வேண்டுமென்றா என்று தெரியவில்லை. சுகரை இவள்தான் அவர் உடம்பில் ஏற்றிவிட்டதுபோல் நடந்துகொள்கிறாரே என்று அவளுக்குக் கோபமாக வரும். ஏழு புள்ளி ஆறு வந்த அன்று சின்ன டாக்டர்மேல் தனக்கு வந்த கோபம் நினைவுக்கு வரும். லிஃப்டுக்கு நிற்காமல் படியேறிப் போய்விடுவாள்.

அவளுடைய ஈறுக்கு நான்கு தடவையாக ஆழச் சுத்தம் செய்தார்கள். செய்தவன் சின்ன டாக்டர். மரத்துப்போன உதட்டோடு அவளால் குறை சொல்ல முடியாது என்பதால் அந்த நான்கு நாளும் அவன் நிம்மதியாக வேலை பார்த்தான். மூன்று மாதம் கழித்து எடுத்த சீட்டில் நொதி மூன்றில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. சர்க்கரை ஆறு புள்ளி எட்டு. முடிவுத் தாளைக் கொண்டுபோய்க் கணவருக்கு முன்னால் வைத்தாள்.

"நான் செஞ்சு காட்டிட்டேன். இப்போ உங்க முறை."

அவருக்குத் தப்பிக்க வழியில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சீட்டு எடுப்பது அவளாக இருக்கக் கூடாதாம். "நீ எடுத்தா முப்பது செகண்டும் திட்டுவே. நான் பதில் பேச முடியாது. அது நியாயமில்ல."

சின்ன டாக்டர் எடுத்தான். அவள் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டு, பஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தாள். எடுத்த மூன்று சீட்டும் சிவப்பாக வந்தன. நொதியை அளக்க அங்கே அவசியமே இருக்கவில்லை. முன்வரிசையில் கீழே இரண்டு பல் விரலால் தொட்டாலே ஆடின. படத்தில் பார்த்தால் அவற்றைச் சுற்றி எலும்பு பாதிக்குமேல் இல்லை. மற்றவற்றைக் காப்பாற்றலாம், இந்த இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்றார் பெரிய மேடம்.

பல் எடுத்த அன்று கணவர், வாயில் பஞ்சைக் கடித்தபடி ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பாதி வழியில் பஞ்சை ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, வருத்தமாகச் சொன்னார்.

"இதெல்லாம் நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

சீட்டக்கா ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். இரண்டு தெரு தாண்டும்வரை திரும்பவில்லை. பஞ்சைக் கடிங்க என்று மட்டும் சொன்னாள்.

ஆய்வுக் கட்டுரை மறு வருடம் வெளியானது. முப்பத்தொன்றாம் எண்ணைக் கூட்டத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று பெரிய மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். சர்க்கரை இல்லாதவர்கள் என்ற கூட்டத்தில் சர்க்கரை உள்ளவளை எப்படி வைப்பது. அதற்கும் அவள் ஒரு சண்டை போட்டுப் பார்த்தாள். இருக்கிற சீட்டிலேயே நிஜத்தைச் சொன்ன சீட்டு அது, அதைப் போய்த் தூக்குகிறீர்களே என்றாள். விதி அப்படித்தான், அடுத்த ஆய்விலிருந்து எல்லோருக்கும் மூன்று மாதச் சர்க்கரை பார்த்த பிறகுதான் சேர்ப்போம் என்றார் மேடம். கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. சேர்க்கை நிபந்தனைகளை நிறைவு செய்யாததால் மூவர் நீக்கப்பட்டனர். சின்ன டாக்டர் அந்தப் பக்கத்தை அச்சடித்து அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அன்று சாயங்காலம் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். லிஃப்ட் இயக்குபவர் வழக்கம்போல் சுவரைப் பார்த்தார். முன்பைவிட இளைத்திருந்தார், சட்டை தோளில் தொங்கியது. ஒரு மாடி இறங்கியதும் தொண்டையைச் செருமினார்.

"அந்த டெஸ்ட் பத்தி ஏதோ வந்திருக்காமே. அதுல நான் இருக்கேனா?"

அவள் தாளைப் பிரித்து வரியைக் காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"மூணு பேருன்னுதான் போட்டிருக்கு."

"ஆமா. ஒண்ணு நீங்க, ஒண்ணு லைப்ரரிக்காரர், ஒண்ணு நான்."

"உங்களையும் தூக்கிட்டாங்களா?"

"முதல்ல தூக்கினதே என்னைத்தான்."

லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. அவர் கதவைத் திறக்காமல், பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றார்.

"எங்க வீட்டுல அவளுக்கும் பல் தேய்க்கும்போது ரத்தம் வருது. கூட்டிட்டு வரலாமா?"

"கூட்டிட்டு வாங்க" என்றாள் சீட்டக்கா. "காலையில சாப்பிடக் கூடாது. பல் தேய்க்கக் கூடாது. மவுத்வாஷ் எதுவும் வேண்டாம். சரியா?"

"சரிக்கா, சரிக்கா" என்றார் அவர்.

அந்தச் "சரிக்கா"வைக் கேட்டதுமே, அடுத்த வாரமும் அந்த அம்மாளை வரவழைக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.